தேயிலை வாதினுள் பயிர் செய்யும் வண்டு

மலைநாட்டில் கொழுந்து கொய்வோர் நன்கறிந்த ஓர் ஒலியுண்டு. கூடையைச் சுமந்து செடிகளுக்கிடையே வழி விலக்கிச் செல்லுங்கால், இலையும் கொழுந்துமாகத் தழைத்து நின்ற வாதொன்று, உடல் மெல்ல உரசிய அளவிலேயே 'படக்' என முறிந்து விழும். காய்ந்த வாது முறிவது வியப்பன்று. பச்சை வாது முறிவதற்கு ஒரு காரணம் இருத்தல் வேண்டும். முறிந்த இடத்தை உற்று நோக்கின் அக்காரணம் புலப்படும். வாதின் நடுவே, பென்சிற் கூரின் பருமனில், கறுத்த சுவருடைய சிறு சுரங்கமொன்று தண்டைச் சுற்றி வளைந்து செல்லும். அச்சுரங்கத்தை அமைத்தது எள்ளளவேயான ஒரு வண்டு.

தோட்டங்களில் இதனை 'ஷொட்ஹோல் போரர்' என்பர். துப்பாக்கி ரவை பாய்ந்தாற்போன்ற துளையை இடுவதால் அப்பெயர் வந்தது. தமிழில் தண்டு துளைக்கும் வண்டு எனலாம். இது தேயிலையின் பீடையேயாயினும், நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் இதன் வரலாற்றை அறிந்திருத்தல் நன்று. அதற்கு இரண்டு காரணங்கள் உள. முதலாவது, இவ்வண்டும் இதன் உறவினங்களும் வீட்டுத் தோட்டத்து ஆமணக்கிலும் ஆனைக்கொய்யாவிலும் வாழக்கூடியன. இரண்டாவது, இதனை ஒழிக்க எடுத்த முயற்சியொன்று தேயிலைத் தோட்டங்களுக்குக் கற்பித்த பாடம், கோவாப் பாத்திக்கும் வயலுக்கும் அப்படியே பொருந்துவது.

பீடை வந்த வரலாறு

1869 ஆம் ஆண்டிற் கோப்பி இலைகளில் தோன்றிய துருநோய் நாளடைவில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்தது. 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தோட்ட முறையில் நாட்டிய தேயிலை, கோப்பி இருந்த மலைகளையெல்லாம் மூடிப் பரவிற்று. ஏறத்தாழ அதே காலத்தில், 1868 இல், ஐக்கோவ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இலங்கையிலிருந்து கிடைத்த சிறு வண்டொன்றை விவரித்து அதற்கு விஞ்ஞானப் பெயரிட்டார். அன்று அது காட்டு மரங்களில் வாழ்ந்த எத்தனையோ வண்டுகளுள் ஒன்று. எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை.

ஒரே செடி மலைமலையாக நாட்டப்பட்டதும் நிலைமை மாறியது. காட்டில் தனக்கேற்ற மரத்தைத் தேடி அலைய வேண்டியிருந்த வண்டுக்கு, பென்சிற் பருமனான பச்சை வாதுகள் இப்போது கோடிக்கணக்கிற் கிடைத்தன. 1890 களில் தேயிலைப் பீடையாக இது கவனத்துக்கு வந்தது. 1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டு, பின்னர் தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட காலந்தொட்டு, இவ்வண்டு அங்கு நடைபெறும் ஆராய்ச்சிகளுள் முக்கிய இடம் பெற்று வந்துள்ளது.

இவ்வண்டு வெப்பத்தை விரும்புவது. ஆகவே தாழ்நாட்டிலும் நடுத்தர உயரங்களிலும் இதன் தாக்கம் மிகுதி. நுவரெலியாவைச் சூழ்ந்த உயர்ந்த மலைகளிற் குளிர் இதனைக் கட்டுப்படுத்துகின்றது. மேலேறுந்தோறும் தாக்கம் குறைவதால், ஹற்றன் பக்கத்துத் தோட்டங்களிலும் வெயில் படும் தாழ்ந்த சரிவுகளையே முதலிற் பார்த்தல் வேண்டும்.

மரத்தை உண்பதும் மரத்துள் விதைப்பதும்

மரத்தைத் துளைக்கும் வண்டுகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. இவற்றுள் இரு வகைகளை வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது.

முதலாவது வகை நீள்கொம்பு வண்டு. பலாவிலும் மாமரத்திலும் அத்தி வகைகளிலும் வாழும் பற்றோசெரா என்னும் சாதி இதற்குச் சிறந்த உதாரணம். இச்சாதியைச் சேர்ந்த மாமர வண்டு ஏறத்தாழ இரண்டு அங்குல நீளமுடையது. சாம்பல் நிற முதுகிற் செம்மஞ்சட் புள்ளிகள் கொண்டது. உடலிலும் நீண்ட உணர்கொம்புகளை உடையது. பெண்வண்டு மரப்பட்டையைக் கடித்துப் பிளந்து அதனுள் முட்டையிடும். வெளிவரும் குடம்பி கால்களற்ற வெண்ணிறப் புழு. அது மரத்தையே உணவாகக் கொண்டு, பல மாதங்கள் குடைந்து சென்று, முற்றிய நிலையில் விரல் பருமனும் மூன்று நான்கு அங்குல நீளமும் அடைந்துவிடும். தண்டிலிருந்து முரட்டு மரத்தூள் உதிர்வதும், துளை வழியே சாறு வடிவதும் அதன் அடையாளங்கள். வளைந்த கம்பியைத் துளையிற் செலுத்திப் புழுவை இழுத்துக் கொன்று, துளையைக் களிமண்ணால் அடைத்தல் பண்டைக்காலந்தொட்டு வழங்கும் முறை. இன்றும் அது பயனுள்ளதே.

இரண்டாவது வகையைச் சேர்ந்தது தேயிலை வண்டு. பெண் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் நீளமுடையது, கறுப்பு நிறம். ஆண் அதனினும் சிறியது; பறக்கும் ஆற்றலற்றது. இவ்வண்டின் குடம்பிகள் மரத்தை உண்பதில்லை. அவ்வாறாயின் மரத்தினுள் அவை எதனை உண்டு வாழ்கின்றன? இதற்குரிய விடை கமக்காரர் ஒவ்வொருவரையும் வியப்பில் ஆழ்த்தும். தாய்வண்டு மரத்தினுள்ளே பயிர் செய்கின்றது. அப்பயிரே அதன் பிள்ளைகளுக்கு உணவு.

வண்டு செய்யும் கமம்

அப்பயிர் ஒரு பூஞ்சணம். நெல்வயலுக்கு விதைநெல்லைச் சேமித்து எடுத்துச் செல்லும் கமக்காரரைப் போலவே, பிறந்த சுரங்கத்தை விட்டுப் புறப்படும் இளம் பெண்வண்டு, பூஞ்சணத்தின் வித்திகளை வாயருகேயுள்ள சிறு பைகளிற் சுமந்து செல்கின்றது. 1947 ஆம் ஆண்டில், தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த காட், லூஸ் என்னும் இரு அறிஞர்கள் இப்பூஞ்சணத்தை ஆராய்ந்து பெயரிட்டனர். உலகெங்கும் இவ்வகை வண்டுகளை ஆராய்வோர் இன்றும் எடுத்துக்காட்டும் பணி அது.

பெண்வண்டு தக்க வாதொன்றைத் தேர்ந்து, பெரும்பாலும் இலைக்காம்பு விழுந்த வடுவின் அருகே துளையிட்டு உள்ளே நுழையும். துருவிய மரத்தூளை அது உண்பதில்லை, வெளியே தள்ளிவிடும். தண்டைச் சுற்றி வளையமாக ஒரு சுரங்கமும், அதிலிருந்து மேலும் கீழும் கிளைகளும் அமைத்து, சுவர்களில் வித்திகளைத் தூவும். ஈரமான பச்சை மரத்திற் பூஞ்சணம் விரைவில் வெண்படலமாக வளரும். பின்னரே வண்டு முட்டையிடும். பொரித்து வரும் குடம்பிகள் அப்படலத்தை மேய்ந்து வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, அதே சுரங்கத்தினுள் வண்டுகளாகின்றன. முட்டை வண்டாவதற்கு வெப்பமான இடங்களில் ஐந்தாறு வாரங்கள் செல்லும்; குளிர் மிகுந்த இடங்களில் மேலும் நீளும்.

ஒரு குடும்பத்திற் பெண்களே பெரும்பாலர். ஆண்கள் மிகச் சிலர். கருவுற்ற முட்டைகளிலிருந்து பெண்களும், கருவுறாத முட்டைகளிலிருந்து ஆண்களும் தோன்றுகின்றன. ஆண் தன் சகோதரிகளோடு சுரங்கத்தினுள்ளேயே கூடும். எனவே வெளியேறும் ஒவ்வொரு பெண்ணும் ஏற்கெனவே கருவுற்றிருக்கும். வாயிற் பூஞ்சண வித்தியும் இருக்கும். துணையைத் தேட வேண்டிய தேவை அதற்கில்லை. தப்பிச் சென்ற ஒரேயொரு பெண்வண்டு புதிய மலையொன்றில் ஒரு பரம்பரையைத் தொடக்கப் போதுமானது. பிள்ளைகள் யாவும் தாய் இட்ட அதே துளை வழியாகவே வெளியேறும். ஆகவே வாதின் வெளிப்புறத்தில் ஒரு துளை மாத்திரமே தெரியினும், உள்ளே ஒரு குடும்பமே வாழ்தல் கூடும்.

விளையும் தீங்கு

வளையமாகச் செல்லும் சுரங்கம் வாதின் வலுவைக் குறைக்கின்றது. காற்றிலும், கொழுந்து கொய்வோர் நடமாட்டத்திலும் வாது முறிகின்றது. முறிந்த வாதோடு அதில் வரவிருந்த கொழுந்தும் போய்விடுகின்றது. நாட்கூலியைக் கொழுந்தின் நிறையோடு சேர்த்துக் கணக்கிடும் மலைகளில், இந்நட்டம் முதலிற் சென்று சேர்வது கொய்பவரின் கூடையிலாகும். இன்று இலங்கையின் தேயிலையிற் பெரும்பகுதி சிறு நிலவுடைமையாளரின் துண்டு நிலங்களிலிருந்து கிடைப்பதால், அரை ஏக்கர் தேயிலையும் கால் ஏக்கர் மரக்கறியும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது நேரடி இழப்பு.

இரண்டாவது தீங்கு மெதுவானது. முறிந்த இடத்தினூடாகவும் கைவிடப்பட்ட சுரங்கங்களினூடாகவும் மரத்தை அழுகச் செய்யும் வேறு பூஞ்சணங்கள் உட்புகுகின்றன. கவ்வாத்து வெட்டிய பின்னர் இத்தகைய செடி தளிர்க்கத் தயங்கும். சில வாதுகள் நுனியிலிருந்து பட்டுக் கீழிறங்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல மலையில் வெற்றிடங்கள் தோன்றும். மழை அவ்வெற்றிடத்து மண்ணைக் கழுவிக் கீழேயுள்ள மரக்கறிப் பாத்திகளிலும் வாய்க்கால்களிலும் சேர்க்கும். இவ்வாறு வாதினுள் தொடங்கிய கேடு மலையின் அடிவாரம் வரை வந்துவிடுகின்றது.

நஞ்சு தெளித்துக் கற்ற பாடம்

வண்டு தன் வாழ்நாளிற் பெரும்பகுதியை மரத்தினுள்ளேயே கழிக்கின்றது. இலையில் தெளிக்கும் மருந்து அதனைச் சென்றடையாது. அது மரத்தைத் தின்னாமையால், மரத்தில் ஊறிய நஞ்சும் அதன் வயிற்றை எளிதில் அடைவதில்லை. புதிய துளையிட வாதின் மேல் ஊர்ந்து திரியும் சிறு பொழுதே அது வெளியில் அகப்படும் வேளை. ஆகவே வாதுகளின் மேல் நெடுநாள் நின்று கொல்லும் நஞ்சொன்று தேவை என எண்ணப்பட்டது. 1950 களின் பிற்பகுதியிலும் 1960 களின் தொடக்கத்திலும் டீல்ட்ரின் என்னும் நஞ்சு இதற்காகத் தேயிலைத் தோட்டங்களிற் பயன்படுத்தப்பட்டது.

தெளித்த மலைகளில் துளைகள் குறைந்தன. ஆயினும் சிறிது காலத்தில் எதிர்பாராத வேறொரு கேடு எழுந்தது. இலைகளைப் பட்டுநூலாற் பிணைத்து உள்ளிருந்து உண்ணும் தேயிலைச் சுருட்டுப்புழு அம்மலைகளிற் பெருகிற்று. அப்புழு புதியதன்று. முன்பு அது பெரும் பீடையாக இருந்தமையால், 1935, 1936 ஆம் ஆண்டுகளில் ஜாவாத் தீவிலிருந்து மக்ரோசென்ரஸ் என்னும் சிறு குளவி கொண்டுவரப்பட்டு மலைநாட்டில் விடப்பட்டது. அக்குளவி சுருட்டுப்புழுவின் உடலில் முட்டையிடும். குளவியின் குடம்பி புழுவை உள்ளிருந்தே உண்டு அழிக்கும். கூலியின்றி, செலவின்றி, இருபது ஆண்டுகளாக அக்குளவி தேயிலையைக் காத்து வந்தது. அது காத்து வந்தமையாலேயே பலர் அதனை மறந்திருந்தனர். வண்டுக்கெனத் தெளித்த நஞ்சு குளவியைக் கொன்றது. இலைச் சுருளுக்குள் மறைந்திருந்த புழு தப்பிப் பெருகியது.

ஒரு பகைவனை அடிக்க ஓங்கிய தடி காவற்காரன் தலையில் விழுந்த கதை இது. டீல்ட்ரின் மண்ணிலும் உயிர்களின் கொழுப்பிலும் நெடுங்காலம் அழியாது தங்குவது. 2001 ஆம் ஆண்டிற் கைச்சாத்திடப்பட்ட ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கை அதனை உலகெங்கும் ஒழிக்க வேண்டிய நஞ்சுகளின் முதற் பட்டியலிற் சேர்த்தது.

வயலிலும் பாத்தியிலும் அதே பாடம்

இது தேயிலைக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. இந்தோனேசியாவின் நெல்வயல்களில் கபிலத் தத்தியை ஒழிக்க மீண்டும் மீண்டும் நஞ்சு தெளித்தனர். தத்தியை உண்ணும் சிலந்திகளும், அதன் முட்டைகளை உறிஞ்சும் நாவாய்ப் பூச்சிகளும் மடிந்தன. தத்தி முன்னிலும் பன்மடங்கு பெருகியது. இறுதியில் 1986 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு 57 வகைப் பூச்சிநாசினிகளை நெல்லுக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது.

கோவாச் செய்கையாளர் வைரமுதுகு அந்துப்பூச்சியை நன்கறிவர். டி.டி.ரி. என்னும் நஞ்சுக்கு அப்பூச்சி எதிர்ப்பாற்றல் பெற்றமை 1953 ஆம் ஆண்டிலேயே ஜாவாவின் லெம்பாங் மலைப்பகுதியில் அறியப்பட்டது. அதன் பின்னர் வந்த எத்தனையோ புதிய மருந்துகளையும் அது எதிர்த்து நின்றுள்ளது. அயலவர் தெளித்தார் என்பதற்காகத் தானும் தெளிப்பதும், கடைக்காரர் கொடுத்த இரு மருந்துகளை ஒரே தொட்டியிற் கலப்பதும், காவற்காரனைக் கொன்று கள்வனைப் பழக்கும் செயலாகும். தெளிக்கும் முன்னர் பூச்சியை இனங்காணுதல், அதன் எண்ணிக்கையைப் பார்த்தல், அதனை உண்ணும் உயிர்கள் அங்கு உளவா எனத் தேடுதல் ஆகிய மூன்றும் கைக்கொள்ளப்பட வேண்டியவை.

வண்டைக் கட்டுப்படுத்தும் வழிகள்

வண்டின் வாழ்க்கையை அறிந்தால் அதன் பலவீனமும் தெரியவரும். அதன் பயிருக்கு ஈரமான மரம் தேவை. மரம் காய்ந்தால் பூஞ்சணம் மடியும். பூஞ்சணம் மடிந்தால் குடம்பிகள் பட்டினியால் மடியும். கீழ்க்காணும் முறைகள் இதன் அடிப்படையில் அமைந்தவை.

1. கவ்வாத்தின்போது துளையுள்ள வாதுகளைத் துளைக்குக் கீழே, நல்ல மரம் தெரியுமளவுக்கு வெட்டுதல் வேண்டும். வெட்டுவாய் சரிவாகவும் சிதைவின்றியும் இருத்தல் வேண்டும். மழுங்கிய கத்தி மரத்தைப் பிளந்து அழுகலுக்கு வழி திறக்கும்.

2. வெட்டிய மிலாறை நிழலிற் குவித்து வைத்தலாகாது. குவியலின் உட்புறம் ஈரமாகவே இருப்பதால், உள்ளிருக்கும் வண்டுகள் வளர்ந்து வெளியேற இடமுண்டு. இலைகளையும் மெல்லிய குச்சிகளையும் மண்ணுக்குப் போர்வையாகப் பரப்பிவிடலாம். அது ஈரத்தையும் மண்ணையும் காக்கும். துளையுள்ள பருத்த மிலாறைப் பிரித்தெடுத்து, வெயிலிற் பரப்பி உலர்த்தி, பிந்தாது விறகாக எரித்துவிடுதல் நன்று.

3. ஆமணக்கு இவ்வண்டு பெரிதும் விரும்பும் செடி. தேயிலை மலையின் ஓரத்திலும் மரக்கறிப் பாத்தியின் வேலியிலும் தானே முளைத்து நிற்கும் ஆமணக்கைப் பார்த்து, தண்டிற் சிறு துளைகள் காணப்படின் வெட்டி எரித்தல் வேண்டும்.

4. வலுவான செடி சுரங்கத்தைச் சுற்றிப் புதிய மரத்தை வளர்த்துத் துளையை மூடிக்கொள்ளும். வலுவற்ற செடிக்கு அது இயலாது. எனவே சிபாரிசு செய்யப்பட்ட அளவிற் பசளையிடுதலும், நிழல் மரங்களைப் பேணுதலும் வண்டுக்கு எதிரான செயல்களேயாம்.

5. புதிதாக நடுவோர், தம் பகுதியின் உயரத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ற, தாக்கத்தைத் தாங்கும் தேயிலை வகை எதுவெனத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனை அலுவலரிடம் கேட்டறிந்து, தவறணையிலிருந்து கன்று பெறுதல் வேண்டும்.

விறகோடு செல்லும் வண்டு

அண்மைக்கால ஆய்வுகள், ஒரே இனமென நெடுநாள் கருதப்பட்ட இவ்வண்டு உண்மையில் ஒன்றையொன்று ஒத்த பல இனங்களின் தொகுதி எனக் காட்டியுள்ளன. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் இவை மரபணு ஆய்வாலும் நுண்ணிய அளவீடுகளாலும் பிரித்தறியப்பட்டன. இத்தொகுதியைச் சேர்ந்த வண்டுகள் ஆசியாவிலிருந்து வேற்று நாடுகளுக்கும் சென்றுவிட்டன. 2009 இல் இஸ்ரேலிலும், 2012 இல் கலிபோர்னியாவிலும் ஆனைக்கொய்யாத் தோட்டங்களில் இவற்றின் தாக்கம் அறியப்பட்டது. 2017 இல் தென்னாபிரிக்காவின் பீற்றர்மரிட்ஸ்பேர்க் தாவரவியற் பூங்காவில் இனங்காணப்பட்டு, பின்னர் அந்நாட்டின் பல நகரங்களில் நிழல் மரங்களைத் தாக்கிற்று.

பறந்து கடல் தாண்டும் ஆற்றல் இவ்வண்டுக்கு இல்லை. மனிதர் ஏற்றிச் செல்லும் மரத்திலும் செடியிலும் விறகிலும் மறைந்தே இது பயணம் செய்கின்றது. கருவுற்ற ஒரு பெண்ணே போதுமாதலால், ஒரு கட்டு விறகும் ஆபத்தாகலாம். தாக்குண்ட மலையிலிருந்து பச்சை மிலாறை மற்றொரு பிரிவுக்கோ வேறு ஊருக்கோ கொண்டு செல்லாதிருத்தல் எளிய காவல். அதற்குச் செலவேதும் இல்லை. வீட்டு முற்றத்து ஆனைக்கொய்யா மரத்தின் கிளைகளில் வெண்பொடி படிந்த சிறு துளைகள் தெரிந்தால், அக்கிளையை வெட்டி எரித்து, ஏனைய கிளைகளையும் சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

இவ்வண்டு நிலத்தைத் தேர்கின்றது, விதை சுமக்கின்றது, விதைத்த பயிரைக் கொண்டு பிள்ளைகளை வளர்க்கின்றது. அதனை வெல்ல விரும்பும் கமக்காரர் அதனினும் கூரிய கவனம் உடையவராதல் வேண்டும். கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி வைத்திருப்பவரும், மிலாறை உலர்த்தி எரிப்பவரும், வேலியோரத்து ஆமணக்கைத் திரும்பிப் பார்ப்பவரும், தெளிகருவியைத் தோளில் ஏற்றுமுன் இலையின் அடிப்புறத்தைப் புரட்டி அங்குள்ள சிலந்தியையும் குளவியையும் தேடுபவரும் தம் பயிரைக் காப்பர். அடுத்த கவ்வாத்தின்போது முறிந்த வாதொன்றை எடுத்து, கத்தியால் நீளவாக்கிற் பிளந்து பார்க்க. உள்ளே வெண்படலமும் அதனை மேயும் குடம்பிகளும் காணப்படின், அந்த மலையில் தொடங்க வேண்டிய வேலை இன்னதென்பது அப்போதே விளங்கும்.